பணியிடத்தில் உடற் பருமன்

பணியிடத்தில் உடற் பருமன் என்ற தலைப்பு இரண்டு விடயங்களை உள்ளடக்கியது. உடற் பருமனுடைய பணியாளர்கள் வேலைக்கு விண்ணப்பிப்பது முதல் ஓய்வு பெறுவது வரை எதிர்கொள்ளும் பாகுபாடு ஒன்று. அவர்கள் ஏனையோரைப் போலவே பணியாற்றத் தக்கவாறு பணியிடத்தின் பொருட்களையும் நடைமுறைகளையும் சட்டங்களையும் அமைத்தல் மற்றொன்று. இந்தியாவில் உடல் எடையைக் காரணம் காட்டிப் பணியாளரை நீக்கிய நிகழ்வுகள் உண்டு. எடையைக் காரணம் காட்டி நீக்கலாகாது என்று கூறும் தனிச் சட்டம் இல்லை. எனினும் தமிழ்நாடு 2021 இல் இயற்றிய இருக்கைச் சட்டம், உடற் பருமன் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே, இத்தகைய பணியாளர்களுக்கும் பயன் தரக்கூடியதாக உள்ளது.

வரையறை

உடற் பருமனை அளக்க மிகுதியாகப் பயன்படுவது உடல் திணிவுச் சுட்டெண் ஆகும். ஒருவரின் எடையை (கிலோகிராமில்) அவரது உயரத்தின் (மீட்டரில்) இருமடியால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். பெல்சிய நாட்டுப் புள்ளியியலாளர் அடோல்ப் கெட்லே 1830களில் மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய உருவாக்கிய வாய்பாடு இது. தற்போதைய பெயரை அமெரிக்க உடலியங்கியலாளர் ஆன்செல் கீசும் அவரது குழுவினரும் 1972 இல் இட்டனர். தனியொருவரின் உடல் நலத்தை மதிப்பிட இது உருவாக்கப்படவில்லை என்பதை வேலைக்கான மருத்துவத் தகுதித் தேர்வுகள் பலவும் மறந்துவிடுகின்றன.

உலக சுகாதார அமைப்பின் வரையறைப்படி சுட்டெண் 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் மிகை எடை, 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடற் பருமன். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் தோன்றுவதால், இந்திய மருத்துவர்கள் 2009 இல் வெளியிட்ட பரிந்துரை 23 ஐ மிகை எடையின் தொடக்கமாகவும் 25 ஐ உடற் பருமனின் தொடக்கமாகவும் கொண்டது. 170 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஒருவரின் சுட்டெண் ஏறத்தாழ 26 ஆகும். அவர் உலக அளவுகோலின்படி மிகை எடையர். இந்திய அளவுகோலின்படி உடற் பருமன் உள்ளவர். அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் அவரைச் சாதாரண உடல்வாகு கொண்டவர் என்றே கூறுவார்.

2025 சனவரியில் லான்செட் இதழின் ஆணையம் ஒன்று இச்சுட்டெண்ணை மட்டும் கொண்டு நோயைத் தீர்மானிக்கலாகாது என்று கூறி, உறுப்புகளின் இயக்கம் பாதிக்கப்பட்ட நிலையையும் பாதிக்கப்படாத நிலையையும் வேறுபடுத்தும் புதிய வகைப்பாட்டை முன்வைத்தது. பணியிடத்தைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு முக்கியமானது. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவர் எவ்விதச் சிரமமும் இன்றி வேலை செய்யலாம்; மற்றவருக்கு மூட்டு வலியோ உறக்க மூச்சுத் தடையோ இருக்கலாம். எடையைக் கொண்டு வேலைத்திறனைக் கணிக்க இயலாது.

தமிழ்நாட்டில்

தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில் (2015-16) தமிழ்நாட்டில் சுட்டெண் 25 அல்லது அதற்கு மேல் இருந்த பெண்கள் 30.9 விழுக்காடு, ஆண்கள் 28.2 விழுக்காடு. ஐந்தாம் சுற்றில் (2019-21) இது முறையே 40.4 ஆகவும் 37.0 ஆகவும் உயர்ந்தது. அதே சுற்றில் அனைத்திந்திய அளவு பெண்களில் 24.0, ஆண்களில் 22.9. அதாவது தமிழ்நாட்டில் ஐந்து பெண்களில் இருவர் இவ்வகையில் அடங்குகின்றனர். இவ்வளவு பெரிய தொகையினரை விதிவிலக்காகக் கருதிப் பணியிடங்களை வடிவமைப்பது எண்ணிக்கை அடிப்படையிலேயே பிழையாகும்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் நாவலூர், தரமணியில் 2000 ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் பழைய மகாபலிபுரம் சாலை (இராசீவ் காந்தி சாலை) வழியே வளர்ந்த தகவல் தொழில்நுட்பப் பகுதிகளுள் ஒன்று. தெற்கே சிறுசேரி சிப்காட் வளாகம் உள்ளது. இவ்வூரின் பணிநாளைப் பார்த்தால் எடை கூடுவதற்கான காரணிகள் பலவும் ஒருங்கே அமைந்திருப்பதைக் காணலாம். தாம்பரத்திலிருந்தோ வடசென்னையிலிருந்தோ நிறுவனப் பேருந்தில் நெடுநேரப் பயணம், அமர்ந்தே செய்யும் வேலை, அமெரிக்க நேரத்தை ஒட்டிய இரவுப் பணி, அதனால் குலையும் உறக்கம், நள்ளிரவில் கிடைக்கும் பொரித்த உணவு. நடந்து செல்லலாம் என்றால் தொடர்ச்சியான நடைபாதை இல்லை. இரவுப் பணிக்கும் எடை கூடுவதற்கும் இடையேயான தொடர்பு பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. பணியே ஒரு காரணியாக இருக்க, விளைவுக்கான பொறுப்பு முழுவதும் பணியாளரின் மனவுறுதியின் மீது சுமத்தப்படுகிறது.

உடல் எடையில் மரபியலின் பங்கு பெரிது. இரட்டையர் ஆய்வுகள் பலவும் இதனை 40 முதல் 70 விழுக்காடு என்று மதிப்பிடுகின்றன. தைராய்டுச் சுரப்புக் குறை, சினைப்பை நீர்க்கட்டி நோய், இன்சுலின், சிடீராய்டுகள், மனநல மருந்துகள் சில ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடியவை. இவற்றில் எதுவும் மேலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தகவல் அன்று.

பாகுபாட்டின் வடிவங்கள்

தமிழ்ச் சமூகத்தில் உடற் பருமன் குறித்த பேச்சு பெரும்பாலும் நகைச்சுவையின் வடிவிலேயே நிகழ்கிறது. திரைப்படத்தில் குண்டு கல்யாணம் போன்ற நடிகர்களின் பெயரிலேயே உடல் அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. அலுவலகத்திலும் பட்டப்பெயர்கள் இவ்வாறே வைக்கப்படுகின்றன. "ரெண்டு பேர் இடத்தை ஒருத்தர் பிடிச்சிட்டாரு" என்று பேருந்தில் கூறப்படும் வாசகம் கூறியவருக்கு ஒரு நொடி வேடிக்கை. கேட்டவருக்கு அது நாள்தோறும் இருமுறை. பூசினாற்போல் இருப்பது செழிப்பின் அடையாளமாகப் பாராட்டப்பட்ட அதே மொழியில்தான் இவையும் வழங்குகின்றன.

ஏளனத்தை விடக் கண்டறியக் கடினமானது, எழுத்தில் பதியப்படாத பாகுபாடு. வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் பணிக்கும் வெளிநாட்டுப் பணிக்கும் தெரிவு செய்யப்படாமை, மந்தமானவர் என்ற முன்முடிவு, மதிப்பீட்டில் "சுறுசுறுப்பு" போன்ற அளக்கவியலாச் சொற்கள் ஆகியன இதில் அடங்கும். பருமனானவர் சோம்பலும் தன்னொழுங்குக் குறைவும் உடையவர் என்ற எண்ணம் பணியமர்த்துவோரிடம் பரவலாக இருப்பதை அமெரிக்காவில் ரெபெக்கா பூல், கெல்லி பிரவுனெல் முதலியோரின் ஆய்வுகள் தொகுத்துக் காட்டின. பெண்கள் ஆண்களை விடக் குறைந்த எடையிலேயே இதற்கு ஆளாகின்றனர் என்பதும் அவற்றில் தெரியவந்தது. களங்கப்படுத்துவதால் எவரும் மெலிவதில்லை, உடல்நலமும் உளநலமும் கெடுகின்றன என்று 2020 இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான பன்னாட்டு ஒருமித்த அறிக்கை கூறியது.

ஏர் இந்தியா

இந்தியாவில் எடையின் பொருட்டு வேலை பறிக்கப்பட்டதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு விமானப் பணிப்பெண்களுடையது. அவர்களது உடல் மீதான பணி விதிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் கருவுறுதலோடு பணி முடிவடையும் என்ற ஏர் இந்தியாவின் விதியை 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நர்கேஷ் மீர்சா வழக்கில் நீக்கியது. ஆயினும் எடை விதிகள் தொடர்ந்தன.

அப்போது அரசு நிறுவனமாக இருந்த இந்தியன் ஏர்லைன்சு, உயரத்திற்கும் வயதிற்கும் ஏற்ற எடை வரம்பைச் சற்றே மீறிய பணிப்பெண்களை 2006 இல் பறக்கும் பணியிலிருந்து நிறுத்தியது. அவர்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். பல்லாண்டு அனுபவம் உள்ள தம்மைச் சில கிலோ வேறுபாட்டிற்காகத் தரையிறக்குவது முறையன்று என்பது அவர்களது வாதம். நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 2009 சனவரியில், இணைக்கப்பட்ட ஏர் இந்தியா ஏறத்தாழ பத்துப் பணிப்பெண்களை மிகை எடை காரணமாகப் பணிநீக்கம் செய்தது. பயணிகளின் பாதுகாப்பு காரணமாகக் கூறப்பட்டது. நெருக்கடி நேரத்தில் பயணிகளை வெளியேற்றும் திறனைப் பயிற்சித் தேர்வில் நேரடியாகவே சோதிக்க முடியும். அவ்வாறிருக்க, எடைப்பொறியின் முள்ளை அதற்குப் பதிலியாகக் கொண்டது ஏன் என்பது எளிதில் விடை கிடைக்காத வினா.

2014 இல் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககம் விமானப் பணிக்குழுவினருக்கான சுட்டெண் விதிகளை வெளியிட்டது. ஆண்களுக்கு 18 முதல் 25 வரை இயல்பு. பெண்களுக்கு 18 முதல் 22 வரை. ஆண்களுக்கு 30 முதல் உடற் பருமன். பெண்களுக்கு 27 முதல். 160 செ.மீ. உயரமும் 58 கிலோ எடையும் உள்ளவரின் சுட்டெண் 22.7 என்று எளிதாகக் கணக்கிடலாம். இவ்விதியின்படி அவர் ஆணாயின் இயல்பானவர், பெண்ணாயின் மிகை எடையர். எடை 70 கிலோவாக (சுட்டெண் 27.3) இருந்தால் ஆண் மிகை எடையர் மட்டுமே, பெண்ணோ உடற் பருமனர். பாதுகாப்பு மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் இரு பாலருக்கும் இரு வரம்புகள் தேவைப்பட்டிரா. 2015 இல் இவ்விதிகளின்படி ஏர் இந்தியா நூற்றுக்கும் மேற்பட்ட பணியாளர்களைப் பறக்கும் பணியிலிருந்து விலக்க முற்பட்டது.

அண்மைய எடுத்துக்காட்டு அசாம் காவல்துறை. 2023 மே மாதத்தில் அனைத்துக் காவலர்களின் சுட்டெண்ணும் அளக்கப்படும் என்றும், 30 க்கு மேல் இருப்போருக்குக் குறைக்க அவகாசம் தரப்பட்டு அதன்பின் விருப்ப ஓய்வு வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. தைராய்டு போன்ற மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு எனவும் கூறப்பட்டது.

சட்ட நிலை

அரசியலமைப்பின் 14, 15, 16 ஆம் உறுப்புகள் சமத்துவத்தை வலியுறுத்துகின்றன. அரசுப் பணியில் எடை விதியை எதிர்ப்பவர் இவற்றையே சார்ந்திருக்க வேண்டும். உடல் எடை இவற்றில் தனியே குறிப்பிடப்படவில்லை. மேலும் இவ்வுறுப்புகள் பெரும்பாலும் அரசையே கட்டுப்படுத்துவதால், நாவலூரில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் பணியாளருக்கு இவை நேரடியாக உதவா.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. உடற் பருமன் அதில் இல்லை. பருமனோடு சேர்ந்த இயக்கக் குறைபாடு சட்டம் கோரும் அளவுக்கு இருந்தால் மட்டும் அவ்வழியில் உரிமை கோர இடமுண்டு. ஒப்பிட்டு நோக்கின், 2017 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தனியார் துறையிலும் வேலை மறுப்பைத் தடை செய்கிறது. ஆகவே உடல்நிலை சார்ந்த பாகுபாட்டைத் தனியார் நிறுவனங்களுக்கும் தடை செய்யும் முன்மாதிரி இந்தியச் சட்டத்தில் உள்ளது; எடைக்கு அது விரிவுபடுத்தப்படவில்லை.

பிற நாடுகளிலும் பாதுகாப்பு குறைவே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976 இலேயே உயரத்தையும் எடையையும் பாகுபாடு கூடாத காரணங்களில் சேர்த்தது. நியூயார்க் நகரின் இத்தகைய சட்டம் 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டென்மார்க்கின் பிலுண்டு நகராட்சி குழந்தைப் பராமரிப்பாளர் ஒருவரைப் பணிநீக்கம் செய்த வழக்கில் (கால்டாப்ட் வழக்கு) ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் நடுவழி ஒன்றைக் கண்டது. உடற் பருமன் தன்னளவில் பாதுகாக்கப்பட்ட காரணம் அன்று, ஆனால் அது நெடுங்காலத்திற்கு ஒருவரது பணிவாழ்வில் தடையாக அமையுமாயின் இயலாமையாகக் கருதப்படலாம் என்பது அத்தீர்ப்பு.

இருக்கையும் பிற பொருட்களும்

பணியிடத்தில் விலக்கல் என்பது பல வேளைகளில் ஒரு நாற்காலியில் தொடங்குகிறது. அலுவலக நாற்காலிகளுக்குப் பரவலாகப் பயன்படும் அமெரிக்க பிஃப்மா தரங்களில் பொதுவான தரம் (எக்சு 5.1, 2017 பதிப்பு) 275 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 125 கிலோ எடையுள்ளவர் வரைக்குமானது. அதைவிடக் கூடிய எடைக்கு எக்சு 5.11 என்ற தனித் தரம் உண்டு. அது 400 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 181 கிலோ வரை பொருந்தும். கொள்முதல் ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தால் நூறு நாற்காலிகளில் சிலவற்றையேனும் இத்தரத்தில் வாங்க முடியும். கூட்ட அறைகளிலும் உணவுக்கூடத்திலும் கைப்பிடி இல்லாத இருக்கைகள் சிலவற்றைக் கலந்து போடுவதற்குக் கூடுதல் செலவே இல்லை. இந்நாற்காலிகளைத் தனியே ஒரு மூலையில் பெயர் ஒட்டி வைப்பது உதவாது. எவரும் அமரக்கூடிய பொது இருக்கைகளாக அவை பரவி இருத்தல் வேண்டும்.

நுழைவாயிலின் சுழல் தடுப்பு, நிறுவன வாடகைக் காரின் இருக்கைப் பட்டை, அகன்ற அளவுகளில் கிடைக்காத சீருடையும் ஆண்டுவிழா டி-சட்டையும் இவ்வாறே. புதிதாகச் சேர்ந்தவரிடம் பலர் முன்னிலையில் "உங்க சைசு இல்லையே" என்று கூறப்படும் அந்த முதல் நாள், பணியமர்வு வரவேற்புக் காட்சிகளில் இடம்பெறுவதில்லை. பிழை அளவுப் பட்டியலில் உள்ளது, உடலில் இல்லை.

மேசை வேலை செய்பவர் நெடுநேரம் அமர்ந்திருப்பதால் துன்புறுகிறார் என்றால், அதே நாவலூரின் அங்காடி ஊழியரும் வாயிற்காவலரும் நெடுநேரம் நிற்பதால் துன்புறுகின்றனர். கூடுதல் எடையுடன் நாள் முழுதும் நிற்பது முழங்காலையும் குதிகாலையும் கடுமையாகப் பாதிக்கும். கேரளத்தில் கோழிக்கோடு துணிக்கடைப் பெண் தொழிலாளர்களின் போராட்டத்திற்குப் பின்னர் அம்மாநிலம் 2018 இல் இருக்கை உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் 1947 ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், பணியினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமர முடிய வேண்டும் என்பது அதன் சாரம்.

இச்சட்டத்தில் எடை பற்றிய குறிப்பு ஏதுமில்லை. கருவுற்றவர், மூட்டு நோயாளி, முதியவர், பருமனானவர் என்று எவரும் தன்னை விளக்கிச் சான்று காட்ட வேண்டியதில்லை. பருமனான பணியாளருக்குத் தனிச் சலுகை கோருவது அவரைச் சுட்டிக்காட்டுவதாக முடியும் என்ற தயக்கத்திற்கு இது ஒரு நல்ல மறுமொழி. ஆனால் "தகுந்த இருக்கை" என்பதற்கு அகலமோ தாங்குதிறனோ இப்பிரிவில் வகுக்கப்படவில்லை. நெகிழி முக்காலி ஒன்றைப் போட்டுவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியதாகக் கூறிவிட முடியும். பருமனான ஊழியர் அதில் அமர அஞ்சுவார்.

நலத் திட்டங்கள்

நிறுவனங்களின் "நலவாழ்வு" நிகழ்ச்சிகள் நல்ல நோக்கத்துடன் தொடங்கிப் பல இடங்களில் எடைக் குறைப்புப் போட்டியாக முடிகின்றன. குழு வாரியாக எடை குறித்து, குறைத்தவருக்குப் பரிசு வழங்குவது வழக்கம். எடை குறையாத உறுப்பினர் குழுவின் தோல்விக்குக் காரணமாகிறார். விரைவாகக் குறைத்த எடை பெரும்பாலும் திரும்பவும் கூடிவிடும் என்பதால் அடுத்த ஆண்டுப் போட்டியில் அவரே மீண்டும் நிற்பார். உணவுக்கூடத்தில் நல்ல உணவு மலிவாகக் கிடைப்பது, இரவுப் பணியைச் சுழற்சியில் நியாயமாகப் பகிர்வது, உணவு இடைவேளையில் கூட்டம் வைக்காதிருப்பது ஆகியவை எல்லோருக்கும் பயன்படும், எவரையும் மேடையேற்றா.

மருத்துவ முகாம்களில் ஒரு தொழில்நுட்பப் பிழை அடிக்கடி நேர்கிறது. குருதியழுத்தமானியின் கைப்பட்டை புயத்தின் சுற்றளவுக்குச் சிறியதாக இருந்தால் அளவீடு கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் ஒருவருக்குச் சாதாரணப் பட்டையைப் பயன்படுத்தினால் மேல் அழுத்தம் ஏறத்தாழ 20 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டுவதை 2023 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது. இயல்பான அழுத்தம் உள்ளவரை நோயாளியாகக் காட்ட இது போதுமானது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2024 இல் பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டதால், இனி மேன்மேலும் பலர் அலுவலகத்திலும் ஆலையிலும் வைத்தே அளக்கப்படுவர். பெரிய பட்டையையும் உடன் எடுத்துச் செல்வது அவசியம்.

எடை போடும் இடம் திரையால் மறைக்கப்பட்டிருத்தலும், எண்ணை உரக்கப் படிக்காதிருத்தலும் அடிப்படை நாகரிகம். அவ்வெண் பின்னர் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. 2011 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நலத் தகவலை நுண்மையான தனிப்பட்ட தரவாக வகைப்படுத்தின. 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தகைய தனி வகை இல்லை. வேலைவாய்ப்பு சார்ந்த சில நோக்கங்களுக்குத் தனி ஒப்புதல் இன்றியும் தரவைக் கையாள அது இடமளிக்கிறது. மனிதவளத் துறையின் தரவுத்தளத்தில் எடைக்கென ஒரு புலம் ஏன் வேண்டும் என்பதை அதை வடிவமைக்கும் பொறியாளரே கேட்கலாம். மருத்துவரிடம் இருக்கவேண்டிய தகவல் மருத்துவரிடமே இருத்தல் நலம்.

காப்பீடும் மருந்தும்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 வழிகாட்டுதலின்படி, எடைக் குறைப்பு அறுவை மருத்துவத்தை நிபந்தனைகளுடன் காப்பீட்டில் ஏற்கலாம். சுட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து, உறக்க மூச்சுத் தடை, கட்டுக்குள் வராத இரண்டாம் வகை நீரிழிவு போன்ற கடும் இணைநோய் இருக்க வேண்டும். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இது எவ்வாறு உள்ளது என்பதைப் பணியாளர் கேட்டறிவது நன்று.

2025 இல் இந்தியச் சந்தைக்கு வந்த மௌஞ்சாரோ, வெகோவி ஆகிய ஊசி மருந்துகள் நிலைமையை மாற்றக்கூடும். மருந்து கிடைக்கும்போது "ஏன் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை" என்ற கேள்வியும் பணியிடத்தில் எழலாம். மருந்தை ஏற்பதும் மறுப்பதும் பணியாளருக்கும் மருத்துவருக்கும் இடைப்பட்டது.

மாறுபட்ட கருத்துக்கள்

உடற் பருமனை ஏற்பது நோயை ஊக்குவிப்பதாகும் என்பது பொதுவாகக் கூறப்படும் மறுப்பு. பருமனுக்கும் நீரிழிவு, இதய நோய், சில புற்றுநோய்கள் ஆகியவற்றிற்கும் உள்ள தொடர்பு உறுதியானது. அதை மறைப்பது நேர்மையன்று. எனினும் நீரிழிவு நோயாளிக்கு நேரத்திற்கு உணவருந்த இடைவேளை தருவதை நீரிழிவை ஊக்குவிப்பதாக எவரும் கூறுவதில்லை. தீயணைப்பு, காவல் போன்ற துறைகளில் உடற்தகுதி தேவை என்ற வாதத்திற்கு வலு அதிகம். அங்கும் ஓட்டம், ஏற்றம், சுமை தூக்கல் என்று பணிக்குரிய செயலையே சோதிப்பது சுட்டெண்ணை அளப்பதை விட நம்பகமானது.

மற்றொரு தரப்பினர் உடற் பருமனை நோய் என்று அழைப்பதையே எதிர்க்கின்றனர். அப்பெயர் சிகிச்சைக்கும் காப்பீட்டுக்கும் வழி திறக்கிறது. அதே பெயர் நல்ல உடல்நலத்துடன் வேலை செய்யும் பருமனான ஒருவரையும் நோயாளியாக்கி, தகுதிச் சான்றிதழ் கேட்கும் அதிகாரத்தை நிறுவனத்திற்குத் தருகிறது.